மூணு லீவு, ஒரே மலை

முழுப் பரீட்சையின் கடைசிப் பேப்பரைக் கொடுத்துவிட்டு, ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் இங்க் தெளித்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் யார் கேட்டாலும் ஒரே கேள்விதான். "லீவுக்கு எங்கே போறீங்க?" பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். ஊட்டி. இல்லாவிட்டால் கொடைக்கானல். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் ஏற்காடு. அதற்கும் வழியில்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பாட்டி வீடு. (கொடுத்துவைத்தவர்கள் இவர்கள்தான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வருஷத்துக்கு மூன்று லீவு. செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு, ஒரு வாரம் பத்து நாள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவு, அதுவும் அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை கோடை லீவு. குடும்பத்தோடு காடு, மலை, அருவி என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கிளம்புவது இந்த மூன்றாவதில்தான். காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. வெயில் தாங்கவில்லை, மலைக்குப் போனால் குளிரும். அதோடு மற்ற இரண்டு லீவிலும் வீட்டுப் பாடம் இருக்கும். "பதில்களை ஐந்து முறை எழுதி வரவும்" என்று டைரியில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு டைம்டேபிள் இருப்பது மாதிரி மலைக்கும் ஒரு டைம்டேபிள் இருக்கிறது. இரண்டையும் போட்டவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

குற்றாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்க ஆரம்பிக்கும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி எல்லாவற்றிலும் தண்ணீர் விழும். சீசன் களை கட்டும் அதே நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். "குற்றாலத்துல தண்ணி விழுதாம்" என்ற செய்தியும் "நாளைக்கு ஸ்கூல் திறக்குது" என்ற செய்தியும் முன்னே பின்னே ஒன்றாகவே வரும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறு இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மதுரையில் ஒரு குடும்பம். அப்பா டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அம்மா, ஏழாம் வகுப்பை முடித்த மகள், நான்காம் வகுப்பை முடித்த மகன், அப்பத்தா. 2025 மே மாதம் முதல் வாரத்தில் ஐந்து பேரும் ஒரு வாடகைக் காரில் கொடைக்கானல் போனார்கள்.

போவதற்கு முன்னால் இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று ஆனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை அதற்கு ஒரு எண்ணிக்கையும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. ஒரு மலைக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் வண்டிக்கு மேல் வராதீர்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், மே மாதம் அங்கே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினார்கள். மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி. அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வண்டி வரிசை நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, முன்னால் நின்ற ஐம்பது தலைகளுக்கு நடுவே அருவி கொஞ்சம் தெரிந்தது. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் அது. ஏரியோ 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் வெட்டியது. காய்ந்த மாதங்களில் ஏரி வழிந்தால்தானே அருவி விழும்! அம்மா ஒரு மக்காச்சோளம் வாங்கித் தந்தார். போட்டோ எடுத்தாயிற்று. அடுத்த பாயின்ட்.

இரண்டு நாளில் பதினோரு பாயின்ட் பார்த்தார்கள். ஓட்டுநரே கணக்கு வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா மகனிடம் கேட்டார். "கொடைக்கானல்ல என்னடா பார்த்தே?"

அவன் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான். "காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஜோக் அடிக்கவில்லை. :-)

கொடைக்கானல் மோசம் என்று சொல்ல வரவில்லை. போன நேரம் அப்படி. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அது காய்ச்சல் காலம் மாதிரி. புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். ஓடை கல்லாகக் கிடக்கும். விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி இடம் மாறும். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுகிறார்கள். வரையாடு குட்டி போடும் மாதங்கள் அவை. (வரையாடுதான் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பொது அறிவுப் பரீட்சைக்கு உதவும்.)

காய்ந்த மலையில் நெருப்பு பிடித்தால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டம் பார்த்திருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் வழியில் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு வரும் தீ மனிதர் ஓடும் வேகத்தைவிட வேகமாக வரும். மேட்டை நோக்கி ஏறும்போது இன்னும் வேகம். மே மாதத்தில் மலையேறத் துடிக்கும் அப்பாக்கள் ஒரு நிமிஷம் இதை நினைத்துப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்து, அந்தந்த மலையைத் தெரிந்த வழிகாட்டிகளோடு மட்டும்தான் போக முடியும். அதையும் காட்டுத்தீ காலத்தில் நிறுத்தி வைக்கிறார்கள்.

ஆக, பிள்ளைகளுக்கு லீவு விடும்போது மலை படுத்துக் கிடக்கிறது. மலை எழுந்து உட்காரும்போது பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. காலாண்டு லீவு.

மதுரைக் குடும்பத்துக்கு இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அப்பத்தா. அவர் பிறந்தது பெரியகுளம் பக்கம். கொடைக்கானலுக்குக் கார் சாலை வருவதற்கு முந்தைய காலத்தில் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் அடிவாரத்திலிருந்துதான் குதிரையிலும் டோலியிலும் மேலே போனார்கள் என்று அவருடைய தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறார். "மேல போயி என்னத்தக் கண்டீக? கீழ வாங்க. அதே மலைதான். கும்பக்கரைக்குப் போவோம்" என்றார்.

அப்பாவுக்கு விருப்பமில்லை. லீவு என்றால் அவருக்கு மே மாதம்தான். ஆனால் அம்மா அதற்குள் வேறு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். தோசை ஊற்றிக்கொண்டே சொன்ன கணக்கு அது.

"ஏங்க, பாப்பா இப்ப எட்டாவது. எட்டாவது காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. ஒம்பதாவது காலாண்டு, அரையாண்டு. மொத்தம் அஞ்சு லீவு. ஒம்பதாவது முடிஞ்சதும் டென்த்துக்கு டியூஷன் ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. அவ்வளவுதான்."

அப்பா தோசையைப் பிய்த்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தக் கணக்கை எந்த வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் வகுப்பு வரைக்கும் பிள்ளை மலையில் நடக்காது, தூக்க வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் லீவு என்பது ஸ்பெஷல் கிளாஸுக்கு இன்னொரு பெயர். மிஞ்சுவது மூன்றிலிருந்து ஒன்பது வரை ஏழு வருஷம். வருஷத்துக்கு மூன்று என்றால் இருபத்தொரு லீவு. கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், கடன் என்று பாதி போய்விடும். கையில் நிற்பது பத்து. அந்தப் பத்தையும் மே மாதத்து வண்டி வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதா என்பதுதான் கேள்வி.

கடையில் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கிளம்பினார்கள். ஹோட்டல் இல்லை, ரூம் இல்லை. தூக்குச் சட்டியில் புளியோதரை, தயிர் சாதம், பருப்புத் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். காலையில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் பெரியகுளம். அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே பத்து கிலோமீட்டருக்குள் கும்பக்கரை.

கும்பக்கரை அருவி குற்றாலம் மாதிரி ஒரே உயரத்திலிருந்து தலையில் கொட்டாது. கொடைக்கானல் மலையில் பெய்கிற தண்ணீர் பாறை பாறையாக உருண்டு இறங்கி, அடிவாரத்தில் அகலமான ஒரு பாறைச் சரிவில் வழுக்கிக்கொண்டு வரும். நடு நடுவே தண்ணீர் குடைந்த பள்ளங்கள். யானை, பாம்பு என்று விலங்குகளின் பெயரில் அவற்றைக் கூப்பிடுகிறார்கள். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வனத்துறை கட்டிய தடுப்புக்குள்ளேதான் குளிக்க வேண்டும்.

அன்றைக்குச் சுள்ளென்று வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி. மகன் முதலில் பயந்தான், பிறகு வெளியே வரமாட்டேன் என்றான். மகள் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். அப்பத்தா குளிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். கரையோரம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பேத்தியிடம் காட்டினார்.

"அந்தக் கல்லு மேல ஒரு கண்ணு வச்சுக்க தாயி."

"எதுக்கு அப்பத்தா?"

"சும்மா வச்சுக்க. சொல்றேன்."

பதினொன்றரை மணி இருக்கும். வனக்காவலர் விசில் ஊதினார். "எல்லாரும் மேல ஏறுங்க. மேல ஏறுங்க."

யாரும் நகரவில்லை. டிக்கெட் வாங்கி அரை மணி நேரம்கூட ஆகாதவர்கள் இருந்தார்கள். தூரத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் இருந்தார்கள். "வெயில் அடிக்குது, எங்கய்யா வெள்ளம் வருது?" என்று ஒருவர் கத்தினார். அப்பாவும் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே, "அஞ்சு நிமிஷம் சார், இப்பத்தான் இறங்கினோம்" என்றார்.

"சார், பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்காதீங்க சார். மேல மழை சார்."

அப்போது மகள் சொன்னாள். "அப்பத்தா, கல்லக் காணோம்."

அப்பத்தா தண்ணீரைப் பார்த்தார். ஓரமாகச் சருகும் குச்சியும் மிதந்து வந்தன. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் லேசாக டீ கலரில் இருந்தது. "ஏய்யா! பிள்ளையத் தூக்கிட்டு மேல வாய்யா! தண்ணி நெறம் மாறுது பாரு!" அந்தக் குரலில் அவர் மகனைக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். அப்பா மறுபேச்சில்லாமல் ஏறினார். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். விசில் விடாமல் ஊதியது. மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.

கடைசி ஆள் படிக்கட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அவர்கள் குளித்த இடம் இல்லை. தடுப்புக் கம்பிக்கு மேலே செம்மண் தண்ணீர் போனது. சத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. வெயில் மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. "அருவியில் குளிக்கத் தடை" என்று உள்பக்கத்தில் ஒற்றைக் கால செய்தி வந்திருந்தால் உண்டு.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியகுளம் அதன் காலடியில். மேலே பெய்யும் மழைக்கும் கீழே அடிக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. செங்குத்தான பாறைச் சரிவில் தண்ணீரை உறிஞ்சி நிறுத்தி வைக்க மண் குறைவு. பல ஓடைகளின் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வந்து சேரும்போது, கீழே இருப்பவருக்கு அது மழையாகத் தெரியாது. நேராக வெள்ளமாகவே தெரியும். மேலே இருக்கும் ஆட்கள் போனில் சொன்னதை வைத்து, இத்தனை வருஷம் பார்த்த பழக்கத்தை வைத்துத்தான் காவலர் விசில் ஊதுகிறார். கீழே நிற்பவர்களுக்கு அந்த விசில் அதிகாரமாகத் தெரிகிறது. அது ஒரு தந்தி.

தந்தி வர நேரமில்லாத நாட்களும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் நடந்தது. சீசனே ஆரம்பிக்கவில்லை. கோடை மழையில் மலையிலிருந்து திடீரென்று இறங்கிய வெள்ளம், குளித்துக்கொண்டிருந்தவர்களை அடித்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். பள்ளி லீவில் வந்தவன்.

அதனால் அருவிக்குப் போகிறவர்கள் அப்பத்தாவின் பாடத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஐந்து முறை எழுதி வந்தால் இன்னும் நல்லது. :-)

தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் ஒரு கல்லைக் குறி வை. அது மூழ்கினால் ஏறு. தண்ணீர் கலங்கினால் ஏறு. சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் ஏறு. சத்தம் கனத்தால் ஏறு. ஏறும்போது ஆற்றோடு கீழே ஓடாதே, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறு. செருப்பையும் போனையும் எடுக்கத் திரும்பாதே. விசில் ஊதினால் காரணம் கேட்காதே. கரைக்கு வந்து கேள்.

பாட்டி வீட்டுக்கு லீவுக்குப் போகும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஒரு மலையின் அடியில் இருபது வருஷம் வாழ்ந்தவருக்குத் தெரியும். அவர் கூட ஒரு நாள் போனால் பிள்ளைக்கும் தெரியும்.

அன்றைக்கு மீதி நாள் வீணாகவில்லை. ஒரு மாந்தோப்பு ஓரமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். அப்பா அதிகம் பேசவில்லை. துவையலை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் கறுப்பாக மேகம் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, அந்த மேகம் இருக்கிற எடம்தான் கொடைக்கானலா?"

"ஆமாம்மா."

"அப்ப நாம மே மாசம் கார் நிறுத்துன எடத்துல பேஞ்ச மழைதான் இப்ப இங்க வந்துச்சா?"

பதினோரு பாயின்ட் பார்த்தும் வராத கேள்வி அது. மலை என்பது ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கும் இடம் மட்டும் இல்லை, மேலே நடப்பது கீழே வந்து சேரும் ஒரே பொருள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தானாகப் புரிந்தது. மேலே எறிந்த பிளாஸ்டிக் கவர் எங்கே வரும் என்பதை அவள் அடுத்ததாகக் கேட்டாள். கரையில் ஒதுங்கியிருந்த குப்பையைத் தம்பி கையைக் காட்டிச் சொன்னான், "இங்கதான் வருது."

அதற்கப்புறம் அந்த வீட்டில் லீவு வரும் முன்னால் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "எங்கே போகலாம்?" என்று கேட்பதில்லை. "இப்ப எங்கே என்ன நடக்குது?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் கைக்கு எட்டும் தூரத்திலேயே நிறைய இருக்கிறது.

டிசம்பர் அரையாண்டு லீவா? அது பறவைகளின் சீசன். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கண்மாய் மரங்களில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு ஊரே, பிள்ளைகள் உட்பட, பட்டாசை விட்டுக்கொடுத்திருக்கிறது. அதைச் சொன்னபோது மகனால் நம்ப முடியவில்லை. "ஒரே ஒரு கம்பி மத்தாப்புகூடவா வைக்க மாட்டாங்க?" என்று கேட்டான். (கம்பி மத்தாப்புக்குச் சத்தம் கிடையாதே என்பது அவன் வாதம். நியாயம்தான்.) இன்னும் தெற்கே போக முடிந்தவர்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம்.

சென்னைக்காரர்களுக்கு லீவுகூட வேண்டாம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டை போடக் கரைக்கு வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி முழுக்க மணலில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் அமைப்பு 1988 முதல் இருக்கிறது. முட்டை பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். முழுப் பரீட்சை நடக்கும் நாட்களில் குஞ்சுகள் கடலுக்குப் போகும். பரீட்சைக்குப் படித்த பிள்ளையை ஒரு சாயங்காலம் கூட்டிப்போய்க் காட்டினால் மார்க் ஒன்றும் குறைந்துவிடாது.

மே மாதமே வழி என்றால்? விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். மதுரைக்காரர்களுக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், குடைவரைக் கோயில், சமணப் படுக்கை, வல்லூறுகள். 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று தெரிந்ததும் ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எட்டு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் குன்றிலிருந்து இறங்கி, டீக்கடையில் வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். செலவு பெட்ரோலும் வடையும்.

கடைசியாக ஒன்று. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. பூக்கும் மாதங்கள் ஆகஸ்டும் செப்டம்பரும் ஒட்டி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும் பள்ளிப் படிப்பும் சரியாகப் பன்னிரண்டு வருஷம்தான். அதாவது ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கைக்கு ஒரு குறிஞ்சி. தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

அந்த மதுரை மகள் 2018-ல் ஒன்றாம் வகுப்பு. யாரும் கூட்டிப் போகவில்லை. 2030 ஆகஸ்டில் அவள் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். எந்த ஊரில் எந்த ஹாஸ்டலில் இருப்பாளோ. அப்போது லீவு கிடைக்குமா என்று இப்போதே வீட்டில் பேச்சு. தம்பி ப்ளஸ் டூ காலேஜ் எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்ப டென்த், காலாண்டு பரீட்சை இருக்கும்" என்று கவலைப்பட்டான்.

அப்பா கடை காலண்டரில் 2026-ஐத் தாண்டித் தாள் கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் பில் புத்தகத்தின் கடைசி அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். "2030 ஆகஸ்ட். கொடைக்கானல். கடை லீவு."

அப்பத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்புட்டு நாளு நான் இருக்கணுமே" என்றார்.

"இருப்பீங்கம்மா. நீங்க இல்லாம கல்லு மேல யாரு கண்ணு வைக்கிறது?" என்றார் அப்பா.